சிப்பாய்கள் தங்கிய சிற்றூர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சோழன் கடல் கடந்து வென்ற கதையைச் சொல்வது வழக்கம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் கடல் கடந்தவரெல்லாம் வெற்றிக் கொடியோடு திரும்பியவர் அல்லர். திரும்பாமலே போனவர் பலர். அப்படிப்பட்ட சிலர் தங்கிவிட்ட ஓர் ஊரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டில், தலைநகரான மணிலாவுக்குக் கிழக்கே 15, 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரின் பெயர் கைந்தா.

மணிலா என்ற பெயர் நமக்குப் புதிதன்று. ஆற்காட்டுப் பக்கத்தார் வேர்க்கடலையை ‘மணிலாக்கொட்டை’ என்பர்; அதுவே பேச்சில் ‘மல்லாட்டை’ ஆயிற்று. தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பயிர் எந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு நம்மிடம் வந்தது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. மாலையில் பிளாட்பாரத்தில் பொட்டலம் வாங்கிக் கொறிக்கும் நம்மில் எத்தனை பேர், அந்தப் பெயருக்கு அப்பால் ஓர் ஊர் இருப்பதை எண்ணிப் பார்த்திருப்போம்?

கைந்தாவின் பழங்கதையை முதலில் காண்போம். ஸ்பானியர் 1571ஆம் ஆண்டு மணிலாவைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டிலேயே எழுதப்பட்ட ஸ்பானியக் குறிப்பொன்று கைந்தாவை வருணிக்கிறது. ஊரைச் சுற்றி உயர்ந்து அடர்ந்த மூங்கில் வேலி; அதனுள் மதில்; மதிலின்மேல் சில சிறு பீரங்கிகள்; ஓர் ஆறு ஊரை வளைத்து ஓட, அதன் கிளையொன்று நடுவே புகுந்து ஊரை இரண்டாகப் பிரிக்கிறது; குடிகள் ஆயிரம் பேர். பக்கத்து ஊர்கள் பணிந்தபோது கைந்தா பணிய மறுத்தது. அதன் தலைவன் கட் மைத்தான் என்று அவ்வூரார் போற்றுகின்றனர். ஸ்பானியத் தளபதி ஹுவான் டி சல்செடோ 1571 ஆகஸ்டு மாதத்தில் மூங்கில் வேலியைத் தாண்டி ஊரைப் பிடித்தான். ஆக, கைந்தாவின் வரலாற்று ஏட்டில் முதல் வரியே எதிர்த்து நின்றதைப் பற்றியது.

அந்நாட்டில் ஊரின் மிகச் சிறிய ஆட்சிப் பிரிவுக்கு ‘பராங்காய்’ என்று பெயர். ‘பலாங்காய்’ என்ற மரக்கலத்தின் பெயரிலிருந்து வந்தது அச்சொல். ஒரு கலத்தில் வந்து இறங்கிய உற்றார் உறவினர் ஒரு குடியிருப்பாயினர் என்பது அதன் உட்பொருள். ‘பாயன்’ என்ற மற்றொரு சொல் ஊரையும் குறிக்கும், மக்களையும் குறிக்கும், நாட்டையும் குறிக்கும். நம் முன்னோரும் ‘ஊர் சிரிக்கும்’, ‘ஊர் ஒப்பாது’ என்றெல்லாம் சொல்லும்போது மண்ணையா குறித்தனர்? மக்களைத்தானே குறித்தனர்! அதே கருத்து அங்கும் இருக்கக் காண்கிறோம்.

ஸ்பானியருக்குப் பின்னால் பாதிரிமார் வந்தனர். கைந்தாவில் ஏசு சபையார் எழுப்பிய கற்கோயில் 1716இல் நிறைவெய்தியது. ஒளியின் அன்னை என்ற பெயரில் தேவமாதாவின் ஓவியமொன்று இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவிலிருந்து வந்து அக்கோயிலில் இடம் பெற்றது. பக்கத்திலுள்ள அந்திப்போலோ மலைக்கோயிலோ கடற்பயணம் செய்வோரைக் காக்கும் அன்னையின் திருத்தலம். மணிலாவிலிருந்து அங்குச் செல்லும் யாத்திரிகர் கைந்தா வழியாகவே போவர். இவ்வாறு நெல் வயலும், ஆறும், கோயிலும், வழிப்போக்கருமாக அவ்வூர் இருநூறு ஆண்டுகள் அமைதியாகக் காலம் கழித்தது.

இனி, சென்னைக்கும் மணிலாவுக்கும் இருந்த தொடர்பைச் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையின் துணிகள் மணிலாவுக்குப் போயின; அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிக்கோ வரை சென்றன. மாற்றாக மெக்சிக்கோவின் வெள்ளி சென்னைக்கு வந்தது. மணிலாவில் வாணிபம் செய்து பெரும்பொருள் ஈட்டிய பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், சென்னையில் குடியேறி, 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் அமைத்தவையே. அந்தப் பழைய பாலம் இன்று இல்லை. அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. சென்னைக்கும் மணிலாவுக்கும் இடையே கடல் இருந்ததே தவிர, அந்நியம் இருக்கவில்லை.

வணிகர் சென்ற வழியில் படையும் சென்றது. 1762ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஸ்பெயின்மீது போர் தொடுத்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவருள் ஒருவரான வில்லியம் டிரேப்பர் தரைப்படைக்கும், கார்னிஷ் என்பார் கடற்படைக்கும் தலைமை தாங்க, சென்னைக் கரையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. சில ஜூலை மாத இறுதியிலும், மற்றவை ஆகஸ்டு முதல் தேதியிலும் பாய் விரித்தன. வெள்ளைப் படையினரோடு 600 சிப்பாய்களும், ஆயுதமில்லாத லஸ்கர்கள் சில நூற்றுவரும் அவற்றில் ஏறினர். மலாக்காவில் நங்கூரமிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, செப்டம்பர் 23ஆம் தேதி மணிலா விரிகுடாவை அடைந்தனர். போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு அதுவரையில் முறையாக வந்து சேரவில்லை. அக்டோபர் 6ஆம் தேதி மதில் சூழ்ந்த அந்நகரம் வீழ்ந்தது, கொள்ளை நடந்தது, நாற்பது லட்சம் வெள்ளிக்காசு மீட்புத் தொகையாகக் கேட்கப்பட்டது.

இச்சிப்பாய்கள் யாவர்? அனைவரும் தமிழரே என்று மார்தட்டிக் கொள்வதற்கில்லை. அந்நாளைய சென்னைப் பட்டாளத்தில் தமிழர் இருந்தனர், தெலுங்கர் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இன்று நம் காலனியில் எத்தனை மொழி கேட்கிறதோ அத்தனையும் அந்தக் கப்பலிலும் கேட்டிருக்கும். ஆற்காட்டுப் போர்களில் நிலம் பாழாகியிருந்த காலம் அது. வயிற்றுப்பாட்டுக்காகச் சிவப்புச் சட்டை அணிந்தோரே அவர்களில் பெரும்பாலோர். மணிலாவின்மீது அவர்களுக்கு என்ன பகை? ஸ்பெயின் மன்னன் யார், இங்கிலாந்து மன்னன் யார் என்பதில் அவர்களுக்கு என்ன வழக்கு? சம்பளம் எங்கே அனுப்பிற்றோ அங்கே சென்றனர். அந்த ஒரு வகையில் அவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயரால் நாட்டைப் பிடிக்க முடியவில்லை. சிமோன் டி ஆண்டா என்ற ஸ்பானிய அதிகாரி நகரைவிட்டு வெளியேறி, பம்பாங்கா நாட்டுப்புறத்தில் இருந்துகொண்டு எதிர்த்தார். அரிசியும் காய்கறியும் நகருக்குள் வராதபடி தடுத்தார். ஆங்கிலேயர் உணவு வரும் ஆற்று வழியைக் காக்க 1762 நவம்பரில் பாசிக் என்ற ஊரைப் பிடித்துக் காவல் வைத்தனர். அந்தப் பாசிக்கின் அடுத்த ஊர்தான் நம் கைந்தா.

ஐரோப்பாவில் 1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மணிலா பிடிபட்ட செய்தியே அங்குள்ளோர்க்கு உரிய காலத்தில் எட்டாததால், உடன்படிக்கையில் அந்நகரின் பெயர்கூட இல்லை. பெயர் சொல்லப்படாத இடங்களைத் திருப்பித் தரவேண்டும் என்ற பொது விதிப்படி, 1764ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் மணிலாவைத் திரும்ப ஒப்படைத்துக் கப்பலேறினர்.

கப்பலில் எல்லோரும் ஏறவில்லை. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் படையை விட்டு நீங்கி, கைந்தாவிலும் அடுத்துள்ள தைத்தையிலும் தங்கிவிட்டனர். பட்டாளத்துக் கணக்கில் அவர்கள் ஓடிப்போனவர்கள். ஊர்க் கணக்கிலோ வந்து சேர்ந்தவர்கள்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். எதிரியின் படையோடு, கையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அவர்கள். நிறம் வேறு, மொழி வேறு, வழிபாடு வேறு. அவர்களை அவ்வூரார் துரத்தியிருக்கலாம், காட்டிக்கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. உழ நிலம் இருந்தது. உழைக்க ஆள் வேண்டியிருந்தது. பெண் கொடுக்கவும் வீடுகள் இருந்தன. கத்தோலிக்கக் கோயிலில் மணம் புரிய ஞானஸ்நானம் பெற வேண்டும்; ஞானஸ்நானம் பெற்றால் புதுப் பெயர் வரும். நேற்றுவரை வேறு பெயரால் அழைக்கப்பட்டவன் புனிதர் ஒருவரின் பெயரோடு கோயிலிலிருந்து வெளியே வந்தான். அவன் பிள்ளைகள் தாயின் மொழியாகிய தகாலோக் பேசினர். பேரப்பிள்ளைகளுக்கு வேறு மொழியே தெரியாது. 1849இல் கவர்னர் கிளாவேரியா, தீவினர் அனைவரும் அச்சிட்ட ஒரு பட்டியலிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டார். வீட்டுக்குள் பழைய பெயரின் சாயல் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதன்பின் அதற்கு ஏட்டில் இடமில்லை.

சென்னையிலும், ஆற்காட்டிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அவர்களுக்குத் தாய் இருந்திருப்பாள். சிலர்க்கு மனைவி மக்களும் இருந்திருப்பர். கப்பல் திரும்பியபோது கரைக்கு ஓடிவந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பர். கைந்தாவில் ஒரு குடும்பம் தோன்றியபோது, இங்கே ஒரு குடும்பத்தில் விளக்கு மங்கிற்று. இதையும் நாம் மறைக்கலாகாது.

என்ன எஞ்சிற்று என்று கேட்பீர்கள். முகம் எஞ்சிற்று. கைந்தாவில் சில குடும்பத்தார் மற்றவரினும் கருத்த நிறமும் எடுப்பான மூக்கும் உடையவராய் இருப்பதை அந்நாட்டார் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வந்துள்ளனர். தங்கள் முன்னோர் இந்தியச் சிப்பாய்கள் என்று அக்குடும்பத்தாரும் சொல்வர். பிலிப்பைன்ஸ் மக்கள் இந்தியர் எவரையும் ‘பும்பாய்’ என்றே அழைப்பர். பம்பாய் என்ற பெயரின் திரிபு அது. சென்னையிலிருந்து போனவர் வழியினர்க்கும் அதே பெயர்தான். வடநாட்டில் நம் எல்லோரையும் ‘மதராஸி’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்களே, அதைப் போன்றதுதான் இதுவும்.

சமையலறையிலும் ஒரு கதை எஞ்சியிருக்கிறது. ‘காரே காரே’ என்பது அந்நாட்டு விருந்துகளில் சிறப்பிடம் பெறும் குழம்பு. மாட்டு வாலிறைச்சியைக் காய்கறிகளோடு வேகவைத்து, வேர்க்கடலையையும் வறுத்த அரிசியையும் அரைத்துக் கூட்டிச் செய்வது. ஊர் நினைவு வாட்டிய சிப்பாய்கள், கைக்குக் கிட்டிய பொருள்களைக் கொண்டு நம் நாட்டுக் கறியைச் சமைக்க முயன்றதால் பிறந்தது அது என்று சிலர் கூறுவர். பம்பாங்காவினர் அது தங்களுடையதே என்று வாதிடுவர். வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ‘கறி’ என்ற தமிழ்ச் சொல் உலகெல்லாம் சுற்றி வந்ததை மட்டும் எவரும் மறுப்பதில்லை.

சிப்பாய்கள் செல்வதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே வேறு வழியில் சென்ற சொற்களும் உண்டு. தகாலோக் மொழியில் மாம்பழத்துக்கு ‘மங்கா’ என்று பெயர். நம் மாங்காய் மலாய் மொழி வழியாக அங்குச் சென்ற வடிவம். பொருள் என்பதற்கு அவர்கள் ‘பாகாய்’ என்பர். நம் ‘வகை’ என்ற சொல்லே மலாயில் ‘பாகாய்’ ஆகி அங்குச் சேர்ந்தது. வணிகரின் சொற்கள் வாழ்ந்தன. சிப்பாய்களின் மொழி மறைந்தது. வணிகர் வருவதும் போவதுமாக இருந்தனர். சிப்பாய்களோ ஒரே முறை போய், கரையோடு தொடர்பு அறுந்தனர்.

கைந்தாவின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்பானியர் போய் அமெரிக்கர் வந்தபோது, 1899 மார்ச் மாதத்தில் அங்கே கடும் போர் நடந்தது. ஊர் எரிந்தது, கோயிலும், சிசிலியிலிருந்து வந்த ஓவியமும் தீக்கிரையாயின. பின்னர் சிக்கனம் கருதி அமெரிக்க ஆட்சியினர் அவ்வூரைத் தைத்தையோடு இணைத்தனர். 1914இல் அது மீண்டும் தனி ஊராயிற்று. இடிந்து நின்ற கோயில் 1960களில் திருப்பணி கண்டது. எரிந்துபோன ஓவியத்துக்கு ஈடாக அந்நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் பெர்னாண்டோ அமோர்சோலோ புதிய படத்தைத் தீட்டித் தந்தார்.

ஆயிரம் பேர் வாழ்ந்த அச்சிற்றூரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,76,933 பேர் வாழ்ந்தனர். மணிலா நகரம் பெருகிப் பெருகி அதன் வயல்களை விழுங்கிவிட்டது. எனினும் ஆட்சி முறையில் அது இன்றும் முனிசிபாலிட்டிதான். அதற்கு உட்பட்ட பராங்காய்கள் ஏழு. மேயரை மக்களே நேரே தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே ஊரில் வாழும் இருவருக்கிடையே சிறு வழக்கு எழுந்தால், நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. முதலில் பராங்காய்த் தலைவர் முன்னிலையில் சமரசம் பேச வேண்டும் என்பது 1978 முதல் அங்குள்ள சட்டம். வேலித் தகராறும், கைமாற்றுக் கடனும், அண்டை வீட்டுச் சண்டையும் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். நம் கிராமத்து ஆலமரத்தடிப் பஞ்சாயத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது போன்ற ஏற்பாடு.

தவக்காலத்தில் ஏசுபிரானின் பாடுகளைக் கூத்தாக நடிக்கும் ‘செனாக்குலோ’ கைந்தாவின் பெருமை. அவ்வூரின் பலகாரங்களும் பெயர் பெற்றவை. ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து இலையில் சுருட்டி அவிப்பது ‘சுமான்’. மண்சட்டியில் வாழையிலை விரித்து, அரிசி மாவை ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடுவது ‘பிபிங்கா’. தேங்காய்ப்பாலைக் காய்ச்சிப் பெறுவது ‘லாத்திக்’. இம்மூன்றின் பெயர்களையும் சேர்த்துப் பெயரிட்டு ஒரு திருவிழாவே நடத்துகின்றனர். இலையடையும் ஆப்பமும் உண்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்மணிகள் அங்குச் சென்றால், அடுப்படியில் அந்நியம் தோன்றாது.

துன்பமும் அவ்வூருக்கு உண்டு. ஏரிக்கரைச் சமவெளியில் தாழ்ந்த நிலம் அது. 2009 செப்டம்பர் 26ஆம் தேதி ‘ஒந்தோய்’ என்ற புயல் மழை வந்தபோது, மணிலாப் பகுதியில் ஒரே நாளில் 455 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கைந்தாவின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மக்கள் கூரைமேல் ஏறி உயிர் காத்தனர். அன்று அக்கூரைகளின்மேல் நின்றவருள் நம் சிப்பாய்களின் வழித்தோன்றல்களும் இருந்திருப்பர். யார் எவர் வழி என்று எவரும் அப்போது கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்பர்களே! கைந்தாவைத் தொட்டுக் கிடக்கும் சமவெளிக்குத் தெற்கே பெரிய ஏரியொன்று உள்ளது. அதன் மற்றொரு கரைப் பக்கத்தில், லும்பான் என்ற ஊரருகே, 1989இல் மணல் அள்ளியவர் கையில் ஒரு செப்பேடு கிடைத்தது. அதில் கண்ட நாள் கி.பி. 900ஆம் ஆண்டுக்கு உரியது. எழுத்தோ பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த சாவக எழுத்து. அதில் என்ன இருக்கிறது? அரசர் வெற்றியா? அன்று. நம்வரன் என்ற ஒருவரின் பொன் கடன் தீர்ந்தது. அவரும் அவர் மக்களும் இனி அக்கடனுக்குக் கட்டுப்பட்டவரல்லர். இதற்கு இன்னின்னார் சாட்சி. அவ்வளவே! ஒரு கடன் தீர்ந்த சீட்டு. அந்த ஏட்டில் ஏறியதால், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த கடனாளி ஒருவரின் பெயரை இன்று நாம் உச்சரிக்கிறோம்.

மணிலாவைப் பிடித்த டிரேப்பர் இங்கிலாந்து திரும்பி, தம் 79ஆவது ரெஜிமெண்டில் மடிந்தோர்க்குக் கிளிப்டன் என்ற ஊரில் நினைவுச் சின்னம் எழுப்பினார். அதில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அறுநூறு சிப்பாய்களுக்கு அங்கே ஒரு வரி இல்லை. கைந்தாவில் தங்கியவரில் ஒருவரின் பழைய பெயரையாவது அவர் பேரன்மார் சொல்ல வேண்டுமே, அதுவும் இல்லை. வீரத்தில் குறைந்ததால் அவர்கள் பெயர் அழியவில்லை. எழுதி வைக்க ஆளில்லாததால் அழிந்தது.

நாள் முழுதும் பதிவேட்டோடும் சரக்குச் சீட்டோடும் காலம் கழிக்கும் குமாஸ்தாக்கள் நாம். நம் தொழிலில் ஒரு பாடம் உண்டு: ஏட்டில் ஏறாத சரக்கு வந்ததாகவும் கணக்கில்லை, போனதாகவும் கணக்கில்லை. மனிதரும் அப்படித்தான் என்று கைந்தா நமக்குச் சொல்கிறது.

நம் நிலையைப் பார்ப்போம். சங்கத்துச் சந்தாப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர், குவார்ட்டர்ஸ் எண், கட்டிய தொகை, இவை மூன்றுமே இருக்கின்றன. மாற்றலாகிப் போனவர் பெயர்மீது ஒரு கோடு. ஓய்வு பெற்றவர் பெயர்மீதும் அதே கோடு. அவர் தஞ்சையிலிருந்து வந்தாரா, நெல்லையிலிருந்து வந்தாரா, எந்த ஆண்டில் எந்த வண்டியில் வந்து இறங்கினார், அவர் மனைவியின் பெயர் என்ன, இங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எவரேனும் கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? சென்ற பேச்சுப் போட்டியில் நம் குழந்தைகளில் பாதிப்பேர் தமிழ்ப் பேச்சை வங்காள எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதி வைத்துக்கொண்டு படித்தனர். உச்சரிப்பு நன்றாகவே இருந்தது, கைதட்டினோம். ஆயினும் காதில் நிற்கும் மொழி ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. சிப்பாய்களின் பிள்ளைகளும் தந்தை பேசியதைக் காதால் கேட்டவர்களே.

இதைச் சொல்வதால் நாம் ஒதுங்கி வாழ வேண்டும் என்று எவரும் கொள்ளற்க. கைந்தா கற்பிக்கும் பாடம் இரண்டு. தன் வாயிலில் வந்து நின்ற அந்நியனை ஊரானாக்கிக்கொண்ட அந்தப் பெருந்தன்மை முதற்பாடம். அதே பெருந்தன்மையை வங்காள மண் நமக்குக் காட்டியிருக்கிறது. பிரசவ வலி கண்ட இரவில் ரிக்‌ஷா பிடித்துக்கொண்டு ஓடியவர் பக்கத்து வீட்டு வங்காளத் தாயே அன்றி, ஊரிலிருந்த நம் அத்தையோ சித்தியோ அன்று. துர்க்கை பூஜைப் பந்தலுக்கு நாம் சந்தா கொடுப்பதும், அவர்கள் நம் பொங்கலுக்கு வந்து இலை போட்டு உண்பதும் கடமைக்காக அல்ல, உறவுக்காக. இவ்வூர் மொழியை நம் பிள்ளைகள் சரளமாகப் பேசுவது பெருமையே.

பெயரையும் எழுத்தையும் விட்டுவிட்டால் பின்னர் எவராலும் மீட்டுத்தர முடியாது என்பது இரண்டாம் பாடம். சிப்பாய்களுக்குக் கடிதம் இல்லை, கூடிப் பேச இடம் இல்லை, ஊருக்குத் திரும்ப வழி இல்லை. அவர்கள்மேல் குற்றம் சுமத்த யாருக்கும் உரிமையில்லை. நமக்கோ தபால் உண்டு, தொலைபேசி உண்டு, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போக பாஸ் உண்டு. இந்தச் சங்கமும் உண்டு. இத்தனையும் இருந்தும் இழந்தால், அது இழப்பன்று, கைவிட்டதாகும்.

ஆகவே, செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இந்த ஆண்டு தொட்டுக் குடும்பப் பதிவேடு ஒன்று தொடங்குவோம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். சொந்த ஊர், இங்கு வந்த ஆண்டு, ஆண் பெண் அனைவரின் பெயர், பிறந்த குழந்தைகள், மறைந்த பெரியோர், மாற்றலாகிப் போனால் போன ஊர். எவர் பெயர்மீதும் கோடு இழுக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைத் தந்தை எழுத வேண்டாம். வீட்டில் உள்ள குழந்தையே தன் கையால் தமிழில் எழுதட்டும். எழுத்துத் தெரியாத குழந்தைக்கு ஞாயிறு வகுப்பில் முதற்பாடமாகத் தன் பெயரையும், தன் பாட்டன் பெயரையும், தன் ஊர்ப் பெயரையும் எழுதக் கற்றுத் தருவோம். பாட்டன் பெயரை எழுதத் தெரிந்த குழந்தை மற்ற எழுத்தைத் தானே தேடி வரும்.

கைந்தாவில் எங்கோ ஒரு வீட்டில் இன்றும் ஒரு குழந்தை தன் கருத்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, ‘நாம் எங்கிருந்து வந்தோம்?’ என்று தாயைக் கேட்கக்கூடும். ‘இந்தியாவிலிருந்து ஒரு சிப்பாய் வந்தார்’ என்று தாய் சொல்வாள். ‘அவர் பெயர் என்ன?’ என்று குழந்தை கேட்டால், அவளிடம் விடை இல்லை. இன்னும் நூறு ஆண்டு கழித்து இவ்வூரில் நம் வழியில் வரும் ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்குமானால், எடுத்துக் காட்ட ஒரு புத்தகம் இருக்கட்டும்.